களப்பணிக்கு மார்க் எங்கே விழுகிறது: ஒரே பாலாறு, நான்கு வகுப்புகள்

புவியியல் களப்பணி என்று பள்ளியில் சொல்லிவிட்டால் வேலூர்ப் பக்க வீடுகளில் இரண்டு விதமான பேச்சுதான் வரும். போகும்போது, "டூர்தானே, போயிட்டு வரட்டும், புளிசாதம் கட்டிக் கொடு" என்பார்கள். மார்க் வந்த பிறகு, "ரெக்கார்டு நோட்டைப் பொறுப்பா எழுதி, படம் ஒட்டி, அட்டையெல்லாம் போட்டுத்தானே கொடுத்தான், எதுக்குக் குறைச்சாங்க?" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். களப்பணியில் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று யாரும் நம்மை உட்காரவைத்துச் சொன்னதில்லை. போய் வந்ததற்கு மார்க் என்று சிலர் நினைக்கிறார்கள், நோட்டு அழகுக்கு என்று சிலர், சரியான விடையைக் கண்டுபிடித்ததற்கு என்று சிலர். மூன்றுமே கிட்டத்தட்ட தப்பு.

வகுப்பு ஏற ஏற இந்த மதிப்பீடு எப்படி மாறுகிறது என்பதை, புதிதாகக் கேட்பவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். நம் மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ இரண்டையும் தொடுவேன். இங்கிலாந்தையும் கொஞ்சம் இழுப்பேன், ஏனென்றால் களப்பணிக்கு எப்படி மார்க் போடுவது என்று அங்கே முறையை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், அதிலிருந்து நமக்குத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. முழுக் கட்டுரைக்கும் முதுகெலும்பு ஒன்றுதான்: மேல் வகுப்பு போகப் போக, களத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மெல்ல மாறுகின்றன, மார்க்கும் அந்த முடிவுகளுக்குப் பின்னாலேயே போகிறது.

## எட்டுப் போட்டுக் காட்டுவது

வண்டி லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எல்.எல்.ஆருக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று விடையைத் தட்டுகிறோம். அது அறிவுக்கான சோதனை. அப்புறம் ஆர்.டி.ஓ ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுகிறோம். அங்கே இன்ஸ்பெக்டர் உங்கள் வண்டி புதுசா, பளபளப்பா என்று பார்ப்பதில்லை, கால் ஊன்றினீர்களா, கை காட்டினீர்களா என்று பார்க்கிறார். அது திறனுக்கான சோதனை, ஆனால் பாதையை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டியை நுழைக்கிறீர்களே, அங்கே கோடும் இல்லை இன்ஸ்பெக்டரும் இல்லை, எப்போது வேகம், எப்போது பிரேக் என்பதெல்லாம் உங்கள் முடிவு.

களப்பணியிலும் இந்த மூன்று படி உண்டு. ஆறு என்றால் என்ன, வண்டல் என்றால் என்ன என்று தெரிந்திருப்பது முதல் படி. ஆசிரியர் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி அளந்து எழுதுவது இரண்டாவது. எதை அளப்பது, எங்கே அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது என்று தானே முடிவெடுப்பது மூன்றாவது.

ஆக, களப்பணித் திறன் என்றால் ஒரு கேள்வியோடு இடத்துக்குப் போய், தகவலைத் தானே திரட்டி, ஒழுங்காகப் பதிந்து, அதிலிருந்து ஒரு பதிலுக்கு வந்து, அந்தப் பதிலைத் தானே சந்தேகித்தும் பார்ப்பது. இப்படி நேரில் போய்த் திரட்டுவதற்கு முதன்மைத் தரவு என்று பெயர். வேறு யாரோ திரட்டி வைத்ததை, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, அரசு வரைபடம், பத்திரிகைச் செய்தி போன்றவற்றை எடுத்தாண்டால் அது இரண்டாம் நிலைத் தரவு. இந்த இரண்டு சொல்லும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

## ஊர்ச் சொலவடையைக் கேள்வியாக்குவது

கேள்வி இல்லாமல் போனால் அது சுற்றுலாதான், அதில் சந்தேகமே வேண்டாம். கேள்விக்கு எங்கே போவது? வேலூர்க்காரர்களுக்கு இதில் பஞ்சமில்லை. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே. இதில் கோயில் பற்றியது காலாவதியாகிவிட்டது, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மறுபடி சிவலிங்கம் வைத்து வழிபாடு தொடங்கிவிட்டார்கள். தண்ணி இல்லாத ஆறு என்பதும் 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது கொஞ்ச நாள் பொய்யானது. மற்ற காலத்தில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான்.

ஆனால் பாலாற்றங்கரை விவசாயியிடம் கேட்டால், தண்ணி மேலே ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஓடுகிறது என்பார். ஆற்று மணலில் தோண்டி ஊற்றுத் தண்ணீரை வயலுக்கு இழுக்கிற ஊற்றுக்கால்வாய் முறை பாலாற்றில் பழையது. அப்படியானால் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் தண்ணீர் மேலேயே கிடைக்க வேண்டும், தள்ளிப் போகப் போக ஆழத்துக்குப் போக வேண்டும். இப்படி "இப்படித்தான் இருக்கும்" என்று முன்கூட்டி ஒன்றைச் சொல்லி, பிறகு போய்ச் சரிபார்ப்பதற்குக் கருதுகோள் என்று பெயர். சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும் கவலையில்லை, சரிபார்க்க முடிகிற மாதிரி இருந்தால் போதும்.

சரிபார்ப்பதும் சுலபம். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போட்ட வீட்டுக்காரருக்குக் கல்யாணத் தேதி மறந்தாலும் மறக்கும், எத்தனை அடியில் தண்ணி வந்தது என்பது மறக்காது, அடிக்கு இவ்வளவு என்று காசு எண்ணிக் கொடுத்தவர் அல்லவா. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி விருதம்பட்டில் தொடங்கி காட்பாடி ஜங்ஷன் பக்கம் வரை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு நல்ல களப்பணி தயார். இந்த ஒரே கேள்வியை நான்கு வகுப்புக்குக் கொடுத்தால் ஒவ்வொரு வகுப்பிலும் எதற்கு மார்க் விழும் என்று பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: களப்பணி என்பது இடத்தில் அல்ல, கேள்வியில் தொடங்குகிறது. திறன் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழியில் எடுக்கும் முடிவுகள்.

## நாலாம் வகுப்பு: பார்த்தாயா, சொன்னதை எழுதினாயா

இந்த வயசுப் பிள்ளையை ஆற்றுக்கெல்லாம் கூட்டிப் போக வேண்டியதில்லை. பள்ளி வளாகமே போதும். குழாய் எங்கே, மேல்நிலைத் தொட்டி எங்கே, கைப்பம்பு எங்கே, தண்ணி தேங்குகிற பள்ளம் எங்கே என்று நடந்து பார்த்து, ஒரு தாளில் குத்துமதிப்பான வரைபடம் போட வேண்டும். எங்கே போவது, எதைப் பார்ப்பது எல்லாம் டீச்சர் முடிவு. பிள்ளை செய்ய வேண்டியது பார்ப்பதும் பதிவதும்.

மதிப்பிடுவதும் அதற்கேற்ற மாதிரிதான். டீச்சர் கூடவே நடந்து ஒரு சின்னப் பட்டியலில் டிக் அடிப்பார்: சூரியனை வைத்துக் கிழக்கைக் காட்டத் தெரிகிறதா, குழாய்க்கு ஒரு குறி, தொட்டிக்கு ஒரு குறி என்று பிரித்திருக்கிறாளா, அந்தக் குறிகளுக்கு விளக்கம் ஓரத்தில் எழுதினாளா. படம் கோணலாக இருக்கலாம். பக்கத்துப் பெஞ்சுக்காரன் விட்டுவிட்ட கைப்பம்பு இவள் படத்தில் இருக்கிறது என்றால் அங்கே மார்க் உண்டு. பிள்ளை பார்த்ததைப் படமாகப் போடாமல், அப்பா வீட்டில் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டுக் கொடுத்த படத்துக்கு எதற்கு மார்க் போடுவது, அப்பாவுக்கா?

நம் மாநிலத்தில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது நூறு மதிப்பெண்ணை 40, 60 என்று பிரித்தார்கள். 40 வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே செயல்பாடுகளையும் சின்னச் சின்னத் தேர்வுகளையும் பார்த்துப் போடுவது. 60 தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவம் முடிந்ததும் எழுதுகிற பரிட்சை. களப்பணிக்கு இயல்பான இடம் அந்த வளரறிப் பகுதி. நல்ல ஏற்பாடு, ஆனால் அதைத் தெர்மாகோல் மாடலும் சார்ட் பேப்பரும் தின்றுவிட்டன என்பது என் எண்ணம். கடையில் வாங்கி ஒட்டிய எரிமலையில் எந்தத் திறனும் தெரியாது.

இங்கிலாந்தின் பாடத்திட்டமும் கிட்டத்தட்ட இந்த ஏணியில்தான் ஏறுகிறது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குப் பள்ளியும் அதன் சுற்றுப்புறமும். ஏழிலிருந்து பதினொன்று வரை ஊர்ப் பகுதியில் கவனித்து, அளந்து, பதிந்து, காட்டுவது. அதற்கு மேலே போனால் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இடங்களில் தரவு திரட்டி, அலசி, முடிவுக்கு வருவது.

## எட்டாம் வகுப்பு: அளந்தது அளந்தபடியே

இப்போது ஆசிரியர் ஒரு படிவம் தயார் செய்து கையில் கொடுக்கிறார். வீட்டில் கிணறா போரா, எந்த வருஷம் போட்டது, எத்தனை அடி, ஆற்றிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று நான்கு கேள்வி. பிள்ளைகள் குழுவாகப் போய்க் கேட்டு நிரப்பி வந்து, வகுப்பில் வரைபடமாகப் போடுகிறார்கள்.

இங்கே மார்க் மூன்று நான்கு இடத்தில் விழும். அலகு ஒரே மாதிரி இருக்கிறதா என்பது முதல் இடம், ஒரு வீட்டுக்கு அடியிலும் இன்னொரு வீட்டுக்கு மீட்டரிலும் எழுதி வைத்தால் அட்டவணை குப்பைதான். தகவலுக்கேற்ற வரைபடம் எடுத்தார்களா என்பது இன்னொன்று. கிணறு எத்தனை, போர் எத்தனை என்று காட்டப் பட்டை வரைபடம் போதும், தூரமும் ஆழமும் சேர்ந்து மாறுவதைக் காட்ட அது உதவாது, ஒவ்வொரு வீட்டையும் ஒரு புள்ளியாகக் குறிக்கிற சிதறல் வரைபடம் வேண்டும்.

ஆனால் இந்த வயதில் நான் முக்கியமாக நினைப்பது நேர்மையாகப் பதிவது. "தெரியலப்பா, மாமனார் காலத்தில் போட்டது" என்று ஒரு வீட்டில் சொன்னால் கட்டத்தில் "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்கு 150 அடி என்பதால் இங்கும் 150 என்று நிரப்பினால் அட்டவணை பார்க்க முழுசாக இருக்கும், திறன் பூஜ்யம். நல்ல ஆசிரியர் கட்டங்கள் எல்லாமே நிரம்பிய படிவத்தைப் பார்த்தாலே சந்தேகப்படுவார். வீட்டில் பெற்றோர் செய்கிற பெரிய கெடுதல், "ஏன் காலியா விட்டிருக்க, எதாவது எழுது" என்று சொல்வது.

## பத்தாம் வகுப்பு: நம் பரிட்சைக்கும் களத்துக்கும் இடையில்

இங்கே நம் ஊர் நிலைமையை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சமூக அறிவியலுக்கு நூறும் எழுத்துத் தேர்வுதான். வரைபடக் கேள்வி உண்டு, ஆனால் கொடுத்த வரைபடத்தில் மலையையும் துறைமுகத்தையும் குறிப்பது ஞாபகசக்தி, களப்பணித் திறன் இல்லை. சிபிஎஸ்இயில் 80 எழுத்துத் தேர்வு, 20 பள்ளி உள்மதிப்பீடு, அந்த இருபதில் ஐந்து மதிப்பெண் பாடச் செறிவூட்டல் என்ற பெயரில் செயல்பாட்டுக்கு. அந்த ஐந்தில் களத்துக்கு எவ்வளவு இடம் என்பது பள்ளியைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் இதே வயதில், அதாவது பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ தேர்வில் நடந்தது சுவாரசியமானது. முன்பு மாணவர்கள் களத்துக்குப் போய் வந்து, ஆசிரியர் மேற்பார்வையில் அறிக்கை எழுத, அதற்குக் கால் பங்கு மதிப்பெண் இருந்தது. 2016இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அறிக்கைக்கு மார்க் கிடையாது. இரண்டு முறையாவது களத்துக்குப் போக வேண்டும், ஒன்று ஆறு, கடற்கரை மாதிரி இயற்கை சார்ந்தது, ஒன்று தெரு, சந்தை மாதிரி மனிதர் சார்ந்தது. போனோம் என்று பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். மார்க் மட்டும் பரிட்சை அறையில், மொத்தத்தில் 15 சதவீதம் களப்பணிக் கேள்விகளுக்கு.

ஏன் இப்படி? அறிக்கையை மட்டும் வைத்து மார்க் போட்டால் ஒரு தொல்லை உண்டு. ஒரே இடத்துக்கு ஒரே வகுப்பு போகிறது, ஒரே தரவு, ஒரே ஆசிரியர் சொல்லித்தந்த ஒரே சட்டகம், அறுபது அறிக்கையும் ஒரே அச்சில் வந்து விழும். அதில் மாணவன் எடுத்த முடிவு எது, ஆசிரியர் எடுத்துக் கொடுத்த முடிவு எது என்று பிரிக்க முடியாது. பரிட்சை அறையில் கேட்டால் அவன் மட்டும்தான் இருக்கிறான்.

அந்தக் கேள்விகள் இரண்டு வகை. ஒன்று, நீ போன களப்பணி பற்றி. இன்னொன்று, நீ போகாத, யாரோ செய்த களப்பணியின் அட்டவணையையும் படத்தையும் கொடுத்து, இதில் என்ன குறை, இன்னும் எப்படிச் செய்திருக்கலாம் என்று கேட்பது. இந்த இரண்டாவது வகை நம் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லாதது. பாடப்புத்தகத்தில் தேடினால் விடை கிடைக்காது.

நம் பாலாற்றுக் களப்பணிக்கு அப்படி ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம். "நீங்கள் திரட்டிய தரவு எவ்வளவு நம்பத்தக்கது? விளக்குக." மூன்று பதில்கள்:

"எங்கள் தரவு நம்பத்தக்கது. நாங்கள் மிகவும் கவனமாக ஒவ்வொரு வீடாகச் சென்று தகவல் சேகரித்தோம்."

"முழுமையாக நம்ப முடியாது. நேரம் போதவில்லை. சில வீடுகளில் ஆள் இல்லை. வெயில் அதிகமாக இருந்தது."

"போரின் ஆழத்தை வீட்டுக்காரர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். எத்தனை அடி வரை துளை போட்டார்கள் என்பதும் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்பதும் வேறு வேறு, எங்கள் படிவம் அதைப் பிரித்துக் கேட்கவில்லை. மேலும் ஆற்றுக்குப் பக்கத்தில் நாங்கள் கேட்ட வீடுகள் பழையவை, தள்ளி இருந்தவை புதியவை. அதனால் ஆழம் கூடியது தூரத்தாலா, பிற்காலத்தில் போட்டதாலா என்று எங்கள் தரவை வைத்துச் சொல்ல முடியாது."

முதல் பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாவதுக்கு ஏதோ கொஞ்சம், ஏனென்றால் அதே வரிகளை ஏலகிரி போனாலும் எழுதலாம், நேதாஜி மார்க்கெட் போனாலும் எழுதலாம். மூன்றாவது பதில் இந்தக் களத்துக்கு மட்டுமே பொருந்தும், போனவனால் மட்டுமே எழுத முடியும், குறை எங்கே என்பதோடு அந்தக் குறையால் எந்த முடிவு ஆட்டம் காண்கிறது என்றும் சொல்கிறது. முழு மார்க் அதற்குத்தான். கவனித்தீர்களா, அவன் கருதுகோளை நிரூபிக்கவே இல்லை. "சொல்ல முடியாது" என்று முடித்திருக்கிறான்!

இந்த நிலையில் இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா வீட்டையும் கேட்க முடியாதபோது, எந்த வீட்டைக் கேட்பது என்று ஒரு விதி வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று சீரான இடைவெளியில் எடுக்கலாம். சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். ஆற்றோரம், நடு, தூரம் என்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வீடு எடுக்கலாம். கதவு திறந்திருந்த வீட்டையெல்லாம் கேட்டேன் என்பது விதி இல்லை. எந்த விதி என்பதற்கு ஒரு மார்க் என்றால், இந்தக் கேள்விக்கு ஏன் அந்த விதி என்பதற்கு மூன்று மார்க்.

## மேல்நிலை: கேள்வியும் உன்னுடையது

பதினொன்று, பன்னிரண்டில் புவியியல் எடுத்தவர்களுக்கு நம் மாநிலத்தில் செய்முறைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. சிபிஎஸ்இயில் 70, 30. செய்முறை என்றதும் களம் என்று நினைத்துவிடக் கூடாது, அதில் பெரும்பகுதி அறைக்குள் நடப்பது: வரைபட அளவை, சம உயரக்கோடு, புள்ளிவிவரப் படங்கள், டோப்போ ஷீட் வாசிப்பது. சம உயரக்கோடு என்றால் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. டோப்போ ஷீட் என்பது மலை, ஆறு, சாலை, ஏரி எல்லாம் குறித்த அரசு நில அளவைத் துறை வரைபடம். இவையும் தேவையான திறன்கள்தான், களத்துக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை.

செய்முறைத் தேர்வில் ரெக்கார்டு நோட்டுக்கு ஒரு பங்கு, வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பங்கு. வைவா என்று பயந்து நடுங்குகிறார்களே, அது எதிரில் உட்கார வைத்து நேரில் கேள்வி கேட்பது, அவ்வளவுதான். ஆனால் அதுதான் நோட்டு சொந்தமா இரவலா என்று காட்டிக்கொடுக்கும் இடம். "இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்ற ஒரே கேள்வி போதும். சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது.

இங்கிலாந்தில் பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவல் தேர்வுக்குப் போனால் கதை தலைகீழ். பதினாறில் பிடுங்கிய அறிக்கையைப் பதினெட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குறைந்தது நான்கு நாள் களப்பணி, மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் சொல் அளவில் ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆய்வு, மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். நண்பர்களோடு சேர்ந்து தரவு திரட்டலாம், ஆனால் கேள்வி சொந்தமாக இருக்க வேண்டும், அலசுவதும் முடிவுக்கு வருவதும் தனியாக. பதினாறில் நம்பாததைப் பதினெட்டில் எப்படி நம்புகிறார்கள் என்றால், ஒவ்வொருவர் கேள்வியும் வேறு வேறு என்றால் ஒரே அச்சில் அறுபது அறிக்கை வர வழியில்லை.

பாலாற்றுக் கேள்வியை எடுத்துக்கொண்ட பிளஸ் டூ மாணவி என்ன செய்வாள்? முதலில் ஆசிரியரின் படிவத்தை ஒதுக்கி வைப்பாள். போர் ஆழம் மட்டும் கேட்டால் போதாது, கேசிங் பைப் எத்தனை அடி இறக்கினார்கள் என்றும் கேட்க வேண்டும் என்று தோன்றும். கேசிங் இறக்குவது மண்ணும் மணலும் உதிர்ந்த பாறையும் சரியாமல் இருக்கத்தான், கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆக, கேசிங் அடியைக் கேட்டால் அந்தத் தெருவுக்குக் கீழே இளகிய அடுக்கு எவ்வளவு தடிமன் என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும். படிவத்தில் இந்த ஒரு கேள்வியை அவளே யோசித்துச் சேர்த்தாள் என்றால், அதுவே அவள் அறிக்கையை மேல் தட்டுக்குத் தூக்கிவிடும்.

இன்னொரு மாணவன் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக்காரன் என்றால் தண்ணீரின் ஆழத்தை விட்டுத் தரத்துக்குப் போவான். டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்னக் கருவி, இப்போது பலர் வீட்டிலேயே இருக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அவனுக்கு நல்ல இரண்டாம் நிலை ஆதாரம். ஆனால் உப்பு அதிகம் என்று மீட்டர் காட்டியதும் "தோல் கழிவுதான் காரணம்" என்று எழுதிவிட்டால் மார்க் சரியும். பாறையிலிருந்தும் உப்பு வரும், சாக்கடையிலிருந்தும் வரும். மீட்டர் எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. இதை எழுதத் தெரிந்தவனுக்குத்தான் மேல்நிலை மார்க்.

இரண்டாம் நிலைத் தரவில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் வேலூர் மாவட்டத்துக்கு 39 லட்சத்துக்கு மேல் இருக்கும். அதை எடுத்து இன்றைய வேலூருக்கு எழுதினால் தப்பு, 2019இல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், வட ஆற்காடு என்று இருந்த காலத்துப் புள்ளிவிவரம் என்றால் 1989இல் பிரிந்த திருவண்ணாமலையும் சேர்ந்து வரும். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் "அப்போதைய எல்லைப்படி" என்று எழுதுகிற பிள்ளை தரவை வாசிக்கத் தெரிந்த பிள்ளை.

சுருக்கிச் சொன்னால்: நாலாவதில் எதைப் பார்ப்பது என்பதும் ஆசிரியர் முடிவு. எட்டாவதில் அளப்பதும் பதிவதும் பிள்ளை கையில். பத்தில் யாரைக் கேட்பது, எவ்வளவு நம்புவது என்பதும் வந்து சேருகிறது. மேல்நிலையில் கேள்வியே அவர்களுடையது.

## மார்க் பட்டியல் எப்படி இருக்கும்

மேல் வகுப்பில் பாயிண்டுக்கு ஒரு மார்க் என்று எண்ணிப் போடுவது குறைந்துவிடும். பதிலாக, இப்படி இருந்தால் கீழ்நிலை, இப்படி இருந்தால் நடுநிலை, இப்படி இருந்தால் மேல்நிலை என்று விவரித்து எழுதிய ஓர் அட்டவணை இருக்கும். ரூப்ரிக் என்பார்கள். திருத்துபவர் முழுதும் படித்து எந்தப் படியில் உட்காருகிறது என்று பார்ப்பார். பத்துப் பக்கம் எழுதினால் மார்க் கூடும் என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே எடுபடாது. விவரிப்பது கீழ்ப்படி, காரணம் சொல்வது நடுப்படி, தன் முறையையே எடைபோடுவது மேல்படி.

பாதுகாப்பும் இதில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரியாது. களத்தில் என்ன ஆபத்து வரலாம், அதைக் குறைக்க என்ன செய்தாய் என்று எழுதுவதற்கு இடர் மதிப்பீடு என்று பெயர், இங்கிலாந்தின் பதினாறு வயதுப் பரிட்சையிலேயே இது கேள்வியாக வரலாம். "தண்ணீர் பாட்டில் கொண்டு போனோம்" என்று எழுதினால் போதாது. பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களில் மழைக்குப் பிறகு ஆழம் தெரியாது என்பதால் ஆற்றுக்குள் இறங்காமல் பாலத்திலிருந்தே வரைந்தோம், கத்திரி வெயிலில் போகாமல் காலையிலேயே முடித்தோம், தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகாமல் வாசலிலேயே நின்று கேட்டோம் என்று எழுதினால் அது இந்த இடத்தைப் பார்த்து எடுத்த முடிவு.

## வீட்டில் என்ன செய்யலாம்

படம் வரைந்து கொடுக்காதீர்கள். அட்டை போட்டுக் கொடுங்கள், தப்பில்லை, அதற்கு மார்க்கும் இல்லை. களத்திலிருந்து வந்த அன்று ராத்திரி பிள்ளையிடம் "என்ன பார்த்த?" என்று மட்டும் கேட்காமல், "ஏன் அந்தத் தெருவுக்குப் போனீங்க, பக்கத்துத் தெருவுக்கு ஏன் போகல?" என்று கேளுங்கள். "சார் கூட்டிட்டுப் போனாரு" என்பதுதான் பதில் என்றால் எட்டாவது வரை பரவாயில்லை, பிளஸ் டூவில் அது போதாது. களத்தில் கிறுக்கிய கசங்கிய தாளைத் தூக்கிப் போட விடாதீர்கள். வியர்வை பட்டு, அடித்துத் திருத்தி இருந்தாலும் அதுதான் மூலம். நோட்டில் அழகாக எழுதியது நகல், வைவாவில் மாட்டிக்கொண்டால் கைகொடுக்கப் போவது அந்தக் கசங்கிய தாள்தான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் "எவ்வளவு மார்க்?" என்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கலாம். மார்க் போடுகிற அந்த அட்டவணையைப் பிள்ளைகளுக்குக் களத்துக்குப் போகுமுன்பே காட்டினீர்களா? கேள்விப் படிவத்தைத் தயாரித்தது யார், நீங்களா பிள்ளைகளா?